பீன்யா வேலைக்கு வருகிற தம்பிக்கு

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர். பெங்களூரு பீன்யாவில் ஒரு பிளேட்டிங் (உலோகத்துக்கு முலாம் பூசும்) கம்பெனியில் லேப் வேலை கிடைத்திருக்கிறது. ரூம் எங்கே எடுக்கலாம், கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா, சம்பளம் போதுமா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறார்: ‘எஸ்.டி.எஸ். என்று ஒரு கட்டு பி.டி.எஃப். அனுப்பிப் படித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். இதையெல்லாம் யாராவது படிப்பார்களா அண்ணா?’

முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல ஊர்ப்பட்ட ஆள் இருக்கிறது. நான் கடைசிக் கேள்விக்கே வருகிறேன். எஸ்.டி.எஸ். என்பது ஒரு ரசாயனத்தின் ஆபத்து, முதலுதவி எல்லாம் எழுதிய பாதுகாப்புத் தகவல் தாள்.

சேரும் முன்பே அனுப்பியிருக்கிறார்கள் என்றால் நல்ல இடம்தான் தம்பி. நான் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தபோது மெட்ரோ ஏது? மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி தும்கூர் ரோட்டில் இறங்கினால், எந்த ஷெட்டில் எந்த ஆசிட் ஓடுகிறது என்று மூக்கே சொல்லிவிடும். அப்போது அந்தத் தாளை எம்.எஸ்.டி.எஸ். என்பார்கள். நான் வேலை பார்த்த முதல் இடத்தில் அது முதலாளி ரூம் பீரோவில் பூட்டிக் கிடக்கும். கொலுப் பொம்மை மாதிரி, ஆடிட் வந்தால் வெளியே வரும், முடிந்ததும் உள்ளே போய்விடும். இத்தனைக்கும் 1984 போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான பொருள் எதுவென்று தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். 1989 விதிகளில் இந்தத் தாளே கட்டாயமானது. சட்டம் பீரோவைத் திறக்காது, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் பித்தளைச் சாமான்களை நைட்ரிக் ஆசிட்டில் முக்கி எடுப்போம். செம்மண் நிறத்தில் புகை எழும்பும். ஒருநாள் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோய், தர்மபுரிக்காரர் ஒருவர் அந்தப் புகையை நன்றாக இழுத்துவிட்டார். கொஞ்சம் இருமினார், வெளியே போய் டீ குடித்தார், சரியாகிவிட்டது என்று ஷிஃப்டையும் முடித்துவிட்டுப் போனார். ராத்திரி மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்தார், ஆனால் அதோடு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த வாயு அப்படித்தான். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ‘நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவக் கண்காணிப்பில் வைக்கவும்’ என்கிற விஷயம் தாளின் 4ஆம் பகுதியில் இருக்கும். எங்களுக்கு அது பீரோவுக்குள் இருந்தது.

தாளில் 16 பகுதி. பெரும்பாலான நாடுகளின் தாளில் இந்த வரிசை ஒன்றுதான். முதல் வாரத்தில் 2 (என்ன ஆபத்து), 4 (முதலுதவி), 8 (பாதுகாப்புச் சாதனம்), 10 போதும்; போக்குவரத்து, சட்டம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ரூமில் படுத்துக்கொண்டு படிக்காதீர்கள். டேங்க் பக்கத்தில் நின்று படியுங்கள்.

உதாரணமாக 10ஆம் பகுதி, எதோடு எது சேரக்கூடாது என்பது. சயனைடு ஜிங்க் டேங்கும் துரு நீக்குகிற ஆசிட் பிக்ளிங் டேங்கும் ஒரே ஷெட்டில் இருக்கலாம். சயனைடு கரைசலில் ஆசிட் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்கிற விஷ வாயு. கசப்புப் பாதாம் வாசனை வரும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நிறைய பேருடைய மூக்குக்கு அந்த வாசனை பிறவியிலேயே தெரியாது. அதனால் தரை கழுவுகிற தண்ணீர் எந்த வாய்க்காலில் ஓடுகிறது, இரண்டும் ஒரே குழியில் சேர்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை உண்டென்றால் எச்.எஃப்., அதாவது ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட், இருக்கும். நீர்த்த எச்.எஃப். கையில் பட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. வலி எடுப்பதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முதலுதவிப் பெட்டியைத் திறந்து அந்த ஜெல் இருக்கிறதா, தேதி முடியவில்லையா என்று முதல் நாளே பாருங்கள். வெறும் பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

8ஆம் பகுதியில் ‘தகுந்த கையுறை அணியவும்’ என்று மட்டும் இருந்தால் சப்ளையரிடம் வேறு தாள் கேளுங்கள். எந்த ரப்பர், எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொன்னால்தான் அது தாள். நீல நைட்ரைல் கையுறையோடு அசிட்டோனில் கைவிடுகிற கெமிஸ்டுகளை இன்றும் பார்க்கிறேன். அசிட்டோனுக்கு அது தாங்காது, பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும்.

குரோமிக் ஆசிட் பற்றி ராணிப்பேட்டைக்காரருக்கு நான் சொல்வதா? மூடிய ஆலையின் குரோமியக் கழிவு குவிந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். டேங்க் மேல் எழும் அந்தச் சாரல் மூக்கின் நடுத்தண்டையே ஓட்டை போடும், புற்றுநோயும் தரும்.

இதையெல்லாம் செய்தால் கேலி பண்ணுவார்கள், அதுவும் நம் ஆட்களே. ‘என்ன டாக்டரா?’ என்பார் இருபது வருஷ அனுபவஸ்தர், விரலெல்லாம் வெடித்துப்போய். சிரித்துவிட்டு கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு கூட்டம் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஒயிட்ஃபீல்டில் இருக்கிறது. பெங்களூரில் தொழிற்சாலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கன்னடம் வேண்டாம், இங்கிலீஷ் போதும் என்று சொல்வது அவர்கள்தான். ஷெட்டில் உங்களோடு நிற்பவர் ராய்ச்சூர்க்காரர், இல்லையென்றால் ஒடியாக்காரர். ஒருவர் கண்ணில் ஆசிட் பட்டால் ‘நீரு ஹாக்கு’ என்றோ ‘பானி டாலோ’ என்றோ கத்தத் தெரிய வேண்டும், பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வைக்கவும் தெரிய வேண்டும். நான் ஆறே மாதத்தில் டேங்க் பக்கத்திலேயே பேசக் கற்றேன். இன்று கன்னடக்காரர்களே என்னை ஷிமோகாவா என்று கேட்கிறார்கள்.

ரூம் தாசரஹள்ளி, லக்கெரெ பக்கம் பாருங்கள். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள், பேரம் பேசுங்கள். சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள்.