பட்டியலில் எந்த இடம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வார இறுதி எம்பிஏ வகுப்பில் டெல்டா விமான நிறுவனத்தின் கதையைப் பாடமாக வைத்தார்கள். 2006இல் டெல்டா திவால் மனு போட்டு, கடன்காரர்கள் நெருக்காதபடி நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தபோது யூஎஸ் ஏர்வேஸ் அதை வாங்கி இணைத்துக்கொள்ள முன்வந்தது. டெல்டா ஊழியர்களோ ‘கீப் டெல்டா மை டெல்டா’ என்று சட்டையில் பட்டன் குத்திக்கொண்டு எதிர்த்தார்கள். மூழ்கும் கப்பலுக்கு ஒருவர் பணத்தோடு வரும்போது எதிர்ப்பது வெறும் உணர்ச்சிவசப்படல்தானே? ஆறு வருடம் கழித்து, திவாலில் இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தொழிற்சங்கங்கள் இதே யூஎஸ் ஏர்வேஸோடு இணையவேண்டும் என்று கேட்டன. இது முரண் இல்லையா? நான் வேலை பார்க்கும் கம்பெனியும் இப்போது திவால் வழக்கில் இருக்கிறது, இன்னொன்றோடு இணைக்கப்போவதாகப் பேச்சு. இருப்பதா, கிளம்புவதா? இது பற்றிப் படிக்க நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

புத்தகம் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு காகிதம் கிடைத்தது, அன்றிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருப்பதும் நீங்கள் எழுதியிருப்பதும் ஒன்றுதான். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

‘வெறும் உணர்ச்சிவசப்படல்’ என்பது உங்கள் பேராசிரியர் சொன்னதா, நீங்களே எழுதியதா தெரியவில்லை. யார் சொல்லியிருந்தாலும் தப்பு. நீங்களே ஒரு சம்பளக்காரர், உங்கள் கையால் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. டெல்டா 2005 செப்டம்பரில் திவால் மனு போட்டது. அதற்கு முன்பே, 2004இல், விமானிகள் 32.5 சதவீதச் சம்பள வெட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2006இல் இன்னும் 14 சதவீதம். அதே வருடம் அவர்களுடைய ஓய்வூதியத் திட்டமும் போனது. இவ்வளவையும் விட்டுக்கொடுத்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோதுதான் நவம்பரில் யூஎஸ் ஏர்வேஸின் தலைவர் டக் பார்க்கர் சுமார் 800 கோடி டாலரோடு வருகிறார். அந்தப் பணம் யாருக்குப் போகும் என்று கேட்டீர்களா? கடன் கொடுத்தவர்களுக்கு. ஊழியருக்கு என்ன? இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஓட்டுவதில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்போம் என்று அவரே சொன்னார். ஓடுவது குறைந்தால் ஆளும் குறையும்தானே.

ஆனால் ஆட்குறைப்பைவிட அவர்கள் பயந்தது வேறொன்றுக்கு. பணிமூப்பு. சீனியாரிட்டி.

அமெரிக்க விமானிக்கு அது வெறும் மரியாதை இல்லை. எந்த விமானம் ஓட்டுவார், எப்போது கேப்டன் ஆவார், எந்த ஊரில் இருந்து வேலை செய்வார், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பாரா, ஆள் குறைத்தால் முதலில் வெளியே போவது யார் என்று எல்லாமே பணிமூப்புப் பட்டியலில் அவருடைய எண்ணை வைத்துத்தான். அதைவிட, அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. இருபது வருடம் ஓட்டிய கேப்டன் வேறிடம் போனால் கடைசி ஆளாகத்தான் சேரவேண்டும். உங்கள் துறையில் வேலை மாறினால் சம்பளம் ஏறும். அங்கே எல்லாம் போய்விடும். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு அந்த ஒரு எண்தான், அது வேறு எந்த வங்கியிலும் செல்லாது.

டிடபிள்யூஏ என்று ஒரு நிறுவனம் இருந்தது. 2001 ஜனவரியில் திவாலாகி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை வாங்கியது. ஒப்பந்தத்தில் இருந்த பணிமூப்புப் பாதுகாப்பைக் கைவிட்டால்தான் வாங்குவோம் என்றார்கள், சங்கங்களும் வேறு வழியில்லாமல் கைவிட்டன. விமானப் பணிப்பெண்கள் சுமார் 4000 பேரைப் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். முப்பது வருடம் வேலை செய்த அம்மாள், நேற்று சேர்ந்த பெண்ணுக்குக் கீழே. செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆள் குறைப்பு வந்தது, அடியிலிருந்து குறைத்துக்கொண்டே வந்து 2003 நடுவுக்குள் அவர்கள் அத்தனை பேரும் வெளியே. டெல்டாக்காரர்களுக்கு இது தெரியாதா? யூஎஸ் ஏர்வேஸே 2005இல் அமெரிக்கா வெஸ்ட் என்ற இன்னொரு விமான நிறுவனத்தோடு இணைந்து, இரண்டு பக்க விமானிகளும் யார் மேலே, யார் கீழே என்று இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டைக்குள் எங்களையும் இழுக்காதே என்று சொல்வது உணர்ச்சிவசப்படலா? 2007 ஜனவரி கடைசியில் யூஎஸ் ஏர்வேஸ் விலகிக்கொண்டது, ஏப்ரலில் டெல்டா தனியாகவே திவாலிலிருந்து வெளியே வந்தது.

முரண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முரணே இல்லை. 2012இல் அமெரிக்கனின் சங்கங்கள் பார்க்கரோடு உட்கார்ந்து தங்கள் நிபந்தனைகளை முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டன, அப்புறம்தான் ஆதரவு கொடுத்தன. தவிர, இணைப்பில் பணிமூப்பை நியாயமாகச் சேர்க்கவேண்டும் என்று 2007 டிசம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது. மிசௌரி மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், மெக்காஸ்கில், பாண்ட், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், சேர்ந்து கொண்டுவந்தது. டிடபிள்யூஏ அவர்கள் ஊர்க்காரர்களின் நிறுவனம்.

அப்பாவின் காகிதம். அவர் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். 22 வருட சர்வீஸ் ஆனபோது அந்த மில்லை இன்னொரு மில்லோடு சேர்த்தார்கள். நோட்டீஸ் போர்டில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள், அதில் அப்பா வேலைக்குச் சேர்ந்த நாள் என்று இணைப்பு நடந்த நாளைப் போட்டிருந்தது. காகிதத்தில் பென்சிலால் இரண்டு எண்கள் மட்டும்: 41, 318. பழைய இடம், புது இடம். 47 வயதில் அவருக்கு மறுபடியும் நைட் ஷிப்ட் வந்தது. நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பகலில் அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே என்று அம்மா சொல்வது மட்டும்தான் நினைவிருக்கிறது, ஏன் என்று கேட்டதே இல்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை மட்டும் கடைசிவரை வைத்திருந்தார்.

கே., உங்கள் மேல் கோபப்பட்டது போதும். பயமாகத்தான் இருக்கும், எனக்குப் புரிகிறது. சம்பளம் எவ்வளவு தருவார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னால் இணைப்புத் திட்டத்தில் உங்களுடைய பழைய சர்வீஸ் தொடரும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில். நியமனக் கடிதத்தையும் பிஎஃப் விவரத்தையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். அந்த வரி இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள், இருப்பதா கிளம்புவதா என்பதை அதற்கப்புறம் பேசுவோம்.