சீட்டு உருவும் பரீட்சை

கேள்வி (வாசகி, காரைக்குடி): சர்வாதிகாரம் ஒழிந்த நாடுகளில் பாடப்புத்தகத்தை மாற்றிவிட்டால் பிள்ளைகள் சுயமாக யோசிக்கத் தொடங்கிவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். 1988-இல் நான் மாஸ்கோவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். கோர்பசேவ் காலம். வரலாற்றுப் புத்தகங்களில் பொய் மண்டிக் கிடக்கிறது என்று சொல்லி, அந்த வருஷம் பள்ளி இறுதி வரலாற்றுப் பரீட்சையையே ரத்து செய்துவிட்டார்கள். அரசு நாளேடான இஸ்வெஸ்தியாவே அதைப் பாராட்டி எழுதியது.

என் வகுப்புத் தோழனின் தங்கைக்கு அதுதான் பள்ளியில் கடைசி வருஷம். அங்கே வரலாறு வாய்மொழித் தேர்வு. மேசைமேல் 'பிலேத்' எனும் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜோசியக் கிளி மாதிரி ஒன்றை உருவி, அதிலுள்ள கேள்விக்கான பதிலை வாத்தியார்கள் முன்னால் ஒப்பிக்க வேண்டும். ஐந்து வாங்கினால் பிரமாதம், இரண்டு என்றால் ஃபெயில். (நானும் காலேஜில் வருஷக்கணக்காகச் சீட்டு உருவியவன்தான்.) எல்லாச் சீட்டுக்கும் பதில் எழுதிய கெட்டி நோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. பரீட்சை இல்லை என்றதும் குதிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். "அப்ப எது சரியான பதில்னு யார் சொல்வாங்க?" என்று அண்ணனைப் பிடித்து உலுக்கினாள்.

1939-இல் ஸ்டாலின் அரசு ஹிட்லரோடு போட்ட ஒப்பந்தமும் அந்த நோட்டில் உண்டு. எஸ்தோனியா போன்ற நாடுகளைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ள அதற்கு ஒரு ரகசிய இணைப்பு இருந்ததை மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1989 டிசம்பரில்தான். எஸ்தோனியாவில் பாட்டிமாருக்கு அது அடுப்படிச் செய்தி.

புத்தகம் மாறியது, ஒப்பிக்கிற வழக்கம் போகவில்லை. உருப்படியான வேலை என்று நான் நினைப்பது 1997-இல் தொடங்கிய ஒரு பயிற்சி. செக் குடியரசு, ருமேனியா, கிர்கிஸ்தான், ரஷ்யா என்று பல நாட்டு ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். 'விமர்சனச் சிந்தனைக்கான வாசிப்பும் எழுத்தும்' என்று பெயர்தான் மிரட்டும். அதில் எனக்குப் பிடித்த உத்திக்கு ஒரு பென்சில் போதும். படிக்கும்போதே ஓரத்தில் குறி போட வேண்டும். தெரிந்ததற்கு டிக், புதுசுக்குக் கூட்டல், புரியாததற்குக் கேள்விக்குறி, நான் நினைத்திருந்ததற்கு மாறாக இருந்தால் கழித்தல். பிறகு பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேச வேண்டும். அச்சில் வந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை கழித்தல் போடலாம், அதற்காக யாரும் காதைத் திருக மாட்டார்கள் என்பது அங்கே சாமானிய விஷயமா? வாத்தியார் பாடுதான் திண்டாட்டம். "எனக்கும் தெரியலை, பார்ப்போம்" என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லையே.

ரஷ்யாவில் 2023 செப்டம்பரிலிருந்து 10, 11ஆம் வகுப்புகளுக்கு நாடு முழுக்க ஒரே வரலாற்றுப் புத்தகம். அந்தத் தங்கையின் கடைக்குட்டி அதைத்தான் படித்தான். போனில் பேசும்போது, புத்தகம் எப்படி என்று அவளிடம் கேட்டேன். சென்னையில் இப்போது வெயில் எவ்வளவு என்று கேட்டாள்.