மூன்றடிப் பாதை

அன்புள்ள ஐயா,

டென்வருக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் இங்கே கொலராடோ மலைப்பக்கம், டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு நீராவி ரயிலில் போய்வந்தேன். அதைப் போட்ட டென்வர் அண்ட் ரியோ கிராண்டே கம்பெனியைப் பற்றித் தேடிப் படித்தேன். ராயல் கார்ஜ் பள்ளத்தாக்கில் யார் பாதை போடுவது என்று போட்டிக் கம்பெனியான சாண்டா ஃபேயோடு துப்பாக்கியும் கையுமாக நின்றதெல்லாம் சினிமா மாதிரி இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் நாலடி எட்டரை அங்குல இடைவெளியில் அகலப் பாதை போடும்போது மூன்றடியில் பாதை போட்ட, கம்பெனியைத் தொடங்கிய ஜெனரல் பால்மர் தொலைநோக்கு இல்லாதவர் என்றே தோன்றுகிறது. அடுத்த கோடையில் அப்பா வருகிறார், வயது 71. அவரை இதே ரயிலில் கூட்டிப்போவதா, ஆன்டனிட்டோ–சாமா ரயிலிலா? இரண்டிலும் நீங்கள் போனதாக எழுதியிருந்தீர்கள்.

கா.

அன்புள்ள கா.,

துப்பாக்கியை விடுங்கள். அதை முடித்து வைத்தவை கோர்ட்டும், 1880-ல் பாஸ்டனில் போட்ட ஒப்பந்தமும், சாண்டா ஃபே கம்பெனிக்கு ரியோ கிராண்டே கொடுத்த பதினான்கு லட்சம் டாலரும்தான்.

எனக்கு உறுத்துவது ‘தொலைநோக்கு’. முடிவு தெரிந்த பிறகு, நூற்றைம்பது வருடம் தள்ளி உட்கார்ந்துகொண்டு மதிப்பெண் போடுகிறீர்கள். பால்மருக்கு அகலப் பாதை தெரியாதா? அதற்கு முன் கான்சாஸ் பசிபிக் ரயில் கம்பெனியின் அகலப் பாதையை டென்வருக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். 1870-ல் சொந்தக் கம்பெனி தொடங்கியபோது அவர் போக நினைத்தது தெற்கே எல் பாசோவுக்கும், அங்கிருந்து மெக்சிகோவுக்கும். வழியில் பெரிய ஊர் கிடையாது, சரக்கும் கிடையாது. கையில் இருந்த பணமோ கொஞ்சம். குறுகிய பாதை என்றால் வளைவை நெருக்கிப் போடலாம், பாறையைக் குறைவாக உடைக்கலாம், தண்டவாளமும் இஞ்சினும் இலேசாக இருந்தால் போதும். தேனிலவுக்குப் பிரிட்டன் போனவர் வேல்ஸில் ஃபெஸ்டினியாக்கின் இரண்டடி ரயிலைப் பார்க்கப் போனார். (அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ!) அகலப் பாதைக்குக் காத்திருந்தால் பாதையே வந்திருக்காது. 1878-ல் தெற்கே போகும் வழியான ராட்டன் கணவாயை சாண்டா ஃபே முந்திக்கொண்டது. எல் பாசோவை அவர் கடைசிவரை எட்டவில்லை, மேற்கே மலைக்குள் திரும்பினார்.

தவறு எங்கே என்றால், பாதை போடும் செலவைக் கணக்கிட்டவர், இரண்டு அகலமும் சந்திக்கும் இடத்தில் சரக்கை இறக்கி ஏற்றும் செலவை முழுக்கக் கணக்கிடவில்லை. அதையும் சீக்கிரமே உணர்ந்தார்கள். 1881-லேயே டென்வருக்கும் பியூப்ளோவுக்கும் நடுவே அகல வண்டியும் ஓட மூன்றாவது தண்டவாளம் வந்துவிட்டது. 1890-ல் பிரதானப் பாதை அகலமானது. 1893-ல் வெள்ளி விலை சரிந்ததும் சுரங்கப் பக்கத்துக் கிளைகளை அகலமாக்கச் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. நீங்கள் போன பாதை அப்படி மிஞ்சியது.

பல வருடங்களுக்கு முன் ஆன்டனிட்டோவில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். 1968-ல் மூன்றடிச் சரக்கு வண்டி நிற்கும்வரை பிரேக்மேன், அதாவது பிரேக் போடுவதும் பெட்டிகளைக் கோப்பதும் அவர் வேலை. அலமோசா யார்டில் இரண்டு அகலத்துக்கும் சேர்த்து மூன்று தண்டவாளம். ஒன்று பொது என்பதால் சின்ன வண்டியின் நடுக்கோடு பெரிய வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பத்து அங்குலத்துக்குச் சற்று மேல் விலகி நிற்கும். பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் நேருக்கு நேர் வராது. அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி. அதன் முகப்பில் வெவ்வேறு இடங்களில் கப்ளர்கள். என் இரண்டு முஷ்டியையும் பிடித்து, ஒன்றை ஓரமாகத் தள்ளிவைத்து, “இந்தப் பத்து அங்குலத்தில்தான் என் சம்பளம் இருந்தது” என்றார். பெட்டி சேர்ந்தாலும் சரக்கு சேராது. கம்பளியையும் மரத்தையும் ஆள்தான் மாற்ற வேண்டும். அவர் கையில் இரண்டு விரல் முழுதாக இல்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சரி, உங்கள் இஞ்சின் எண் என்ன? கடிதத்தில் அதைக் காணோம், கோபம்தான் வருகிறது. அந்தப் பாதையில் ஓடும் ஒரு ரக இஞ்சினில் 1923-ல் பத்து வந்தன. 1942-ல் அதில் ஏழு இஞ்சின்களை ராணுவம் அலாஸ்கா பக்கத்துப் பாதைக்குக் கொண்டுபோனது, ஒன்றும் திரும்பவில்லை. மிஞ்சியவை 473, 476, 478. அதில் ஒன்று உங்களை இழுத்திருந்தாலும் இருக்கலாம், நீங்கள் மேகத்தைப் படம் எடுத்திருப்பீர்கள்.

அப்பா விஷயம். சில்வர்டன் 9,300 அடி, சாமா ரயில் ஏறும் கும்ப்ரெஸ் கணவாய் 10,015 அடி. மூச்சு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். டுராங்கோ என்றால் போகும்போது வலப்பக்க சீட், ஆறு பல இடங்களில் அந்தப் பக்கம். ஏறுவதற்கு முன் அவரை இஞ்சின் அருகில் கூட்டிப்போங்கள். சக்கரம் உள்ளே இருக்க, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் வெளியே இருக்கும். இஞ்சின் எண்ணை அவரே குறித்துக்கொள்ளட்டும், எனக்கு எழுதுங்கள்.