மர வில்லுக்கு 4 மில்லிமீற்றர் காபன் அம்பு சரிவருமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 45 இறாத்தல் மர ரிகேர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்தது) இருக்கிறது, குறிபார்க்கும் கருவி ஏதும் இல்லை, அம்பை வில்லின் பிடிக்கு மேலே இருக்கும் மேடையிலேயே வைத்து எய்கிறார். அண்ணன் கனடாவில் கப்பி பூட்டிய கொம்பவுண்ட் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர். டிசம்பரில் ஊருக்கு வரும்போது தான் பாவிக்கும் 4 மில்லிமீற்றர் மெல்லிய காபன் அம்பில் ஒரு டஜன் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாராம், 340 ஸ்பைன். ‘மெல்லிய அம்புதான் ஆழமாக இறங்கும், காற்றிலும் அலையாது என்கிறார், வாங்கிக்கொள்ளவா?’ என்பதுதான் கேள்வி.

தம்பி, அந்த டஜனை வாங்க வேண்டாம். அண்ணன் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அவருடைய வில்லுக்குச் சரியான அம்பு, உங்கள் வில்லுக்கு இல்லை. இதில் முதல் பிரச்சினை மெல்லிசு இல்லை, 340தான்.

ஸ்பைன் என்பது அம்புத் தண்டு எவ்வளவு வளையும் என்ற அளவு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500, அங்குலத்தில் பத்தில் ஆறு பங்கு தொய்ந்தால் 600. அதாவது எண் கூடக்கூட அம்பு இளக்கம். கொம்பவுண்ட் வில்லில் அம்பு நடுக்கோட்டிலேயே உட்கார்ந்து நேராகப் போகும், அதனால் விறைத்த அம்பு அதற்குப் பொருந்தும். உங்கள் வில்லில் அம்பு பிடியின் பக்கவாட்டில் இருக்கிறது, விரலை விட்டதும் மீன் வாலைப் போல நெளிந்து பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். 340 நெளியாது, பிடியில் தட்டிவிட்டுப் போகும். வலக்கைக்காரர் என்றால் அம்பு இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பீர்கள். இரவலாக வந்த அம்பை வைத்துக்கொண்டு இப்படி மனம் விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் இழுக்கும் நீளம் 26½ அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். வில்லில் எழுதியிருக்கும் 45 என்பது 28 அங்குலம் இழுத்தால் வரும் பாரம். அங்குலத்துக்கு இரண்டரை, மூன்று இறாத்தல் குறையும் என்று வையுங்கள், உங்கள் விரலுக்கு வருவது ஏறக்குறைய 41. அதற்கு 600 ஸ்பைன் வாங்குங்கள். 500 வாங்கி முனையில் பாரம் ஏற்றியும் சமாளிக்கலாம், ஆனால் 600தான் சுகமாகப் போகும்.

இனி தடிப்பு. இந்த 4, 5 எல்லாம் தண்டின் வெளி அளவு இல்லை, உள்ளே இருக்கும் துளையின் அளவு. சாதாரண வேட்டை அம்பின் துளை 6.2 மில்லிமீற்றர், அடுத்தது 5.2, அண்ணனுடையது 4.2. துளை சிறுத்தால் அதே விறைப்பு வருவதற்குச் சுவரைத் தடிப்பாக்க வேண்டியிருக்கும், அதனால் மெல்லிய அம்பு பெரும்பாலும் கொஞ்சம் பாரமாகவும் உறுதியாகவும் இருக்கும். காற்று பிடிக்கும் பரப்பும் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மலைமுகட்டில் நின்று எய்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மான் வேட்டையில் இதற்கு இன்னொரு பயன் உண்டு: பிளேட் முனையின் கழுத்தைவிடத் தண்டு தடிப்பாக இல்லாவிட்டால் உடம்புக்குள் உராய்வு குறையும். அதற்கும் முன்னால் முனை சவரக்கத்தி மாதிரிக் கூர்மையாக இருக்க வேண்டும், அம்பு நேராகப் பறக்க வேண்டும், இரண்டும் இல்லாமல் தண்டு மட்டும் மெல்லிசாக இருந்து பிரயோசனமில்லை.

ஆனால் 4 மில்லிமீற்றர் துளைக்குள் வழக்கமான இன்சேர்ட் (முனையைத் திருகி மாட்டத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) போகாது, தண்டுக்கு வெளியே ஒரு பகுதி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைத்தான் ஒட்ட வேண்டும். கல்லில் பட்டால் முதலில் அதுதான் கோணும். நம் மலையில் எங்கே எய்தாலும் பின்னால் கல் இருக்கும்! அம்பின் வாலில் நாணைக் கவ்வும் நொக்கும் அந்த அளவுக்கென்றே தனியாக வாங்க வேண்டும், ஒன்று உடைந்தால் ஹட்டனில் எந்தக் கடையில் போய்க் கேட்பீர்கள்? 5 மில்லிமீற்றர் என்று விற்பதில் இன்சேர்ட் முழுவதும் தண்டுக்குள்ளேயே இறங்கிவிடும், மெல்லிசின் நன்மையில் பெரும்பகுதியும் கிடைக்கும். அதனால் 5 மில்லிமீற்றர், 600 ஸ்பைன், அதையே அண்ணனிடம் சொல்லுங்கள். கூடவே உபரி நொக் இரண்டு பைக்கற், உபரி இன்சேர்ட் ஒரு டஜன், 100, 125, 150 கிரெயின் பயிற்சி முனைகளில் மும்மூன்று. முனையின் விட்டம் தண்டின் வெளி விட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். விமானத்தில் இதெல்லாம் கைப்பையில் வராது, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும், சுங்கத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

தண்டை வெட்டாமல் முழு நீளமாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று அம்புக்கு மட்டும் இறகு ஒட்டி, ஒன்றை இறகில்லாமல் விட்டு, 15 யாரிலிருந்து எய்து பாருங்கள். வலக்கைக்காரருக்கு மொட்டை அம்பு மற்றவற்றுக்கு இடப்பக்கம் குத்தினால் தண்டு விறைப்பு, முனைப் பாரத்தைக் கூட்டுங்கள். வலப்பக்கம் குத்தினால் இளக்கம், கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டி வாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, அவசரம் வேண்டாம். அரைக்கும் வட்டத் தட்டால்தான் வெட்ட வேண்டும், குழாய் வெட்டும் கருவி தண்டை நசுக்கிவிடும், காபன் தூசி நெஞ்சுக்குள் போகாமல் முகக்கவசம் போடுங்கள். முழு அம்பின் எடை 370 முதல் 410 கிரெயினுக்குள், அதாவது 24 முதல் 26½ கிராமுக்குள் இருந்தால் உங்கள் வில்லுக்கு நல்லது. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். இதைவிட மிக இலேசான அம்பை எய்தால் அடி முழுவதும் வில்லின் மரத்தில்தான் விழும்.

மெல்லிய தண்டு பிடிக்கு நெருக்கமாக உட்காரும் என்பதால் நன்றாகத் தட்டுகிறது போலத் தோன்றினால், பிடியின் பக்கச் சுவரில் ஒரு சின்னத் தோல் துண்டை ஒட்டிப் பாருங்கள், சில நேரம் அதுவே போதும்.

மேடையிலிருந்து எய்வதால் பிளாஸ்டிக் சிறகு வேண்டாம், உண்மையான இறகுதான், அது படிந்து கொடுக்கும். சிக்கல் என்னவென்றால் நம் பனிமூட்டத்தில் பத்து நிமிடம் நின்றால் இறகு நனைந்து கோழிக்குஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். நீர் ஒட்டாத பொடி தடவுங்கள், மழையில் பொலிதீன் பையால் மூடி வையுங்கள். காபன் தண்டு ஈரத்தில் கோணாது, மர அம்பை விட்டு இதற்கு மாற நம் ஊரில் அதுவே போதுமான காரணம். நிறம் மட்டும் மஞ்சளோ வெள்ளையோ எடுங்கள், தேயிலைச் செடிக்கடியில் புகுந்த கறுப்பு அம்பைத் தேடி அரை நாள் போய்விடும்.

பழைய துணி அடைத்த உரப்பையில் எய்வதாக எழுதியிருக்கிறீர்கள். மெல்லிய அம்பு அதை ஊடுருவிப் பின்னால் வரும், இரண்டு பைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் வையுங்கள். கொழுந்து பறிக்கும் ஆட்கள் நடக்கும் பாதை அந்தத் திசையில் இருக்கவே கூடாது. காட்டில் மரையையோ கேளையாட்டையோ குறிவைக்கும் எண்ணமும் வேண்டாம், 1937ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்குகளைப் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் இங்கே இருக்கிறது. அண்ணன் அங்கே அனுமதிப்பத்திரத்தோடு செய்வதை இங்கே செய்ய முடியாது.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு தடவை எய்வதற்கு முன்னும் அம்பை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு அப்பால் மெதுவாக வளைத்து, சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள். கீறிய காபன் நாணில் வைத்து விடும்போது சிதறி, சிம்புகள் வில் பிடிக்கும் கைக்குள் ஏறும். நொறுங்கும் சத்தம் லேசாகக் கேட்டாலும் அந்த அம்பை அங்கேயே முறித்துப் போடுங்கள், லயத்துப் பிள்ளைகள் யாரும் எடுத்துத் திரும்பவும் வில்லில் வைக்காதபடி.