அண்ணனும் சேட்டனும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தென்மலையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா காலத்தில் தோட்ட வேலைக்காகப் புளியரைப் பக்கமிருந்து மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. நான் பள்ளியில் படித்தது மலையாளம். அம்மா வாங்கிச் சேர்த்திருந்த மாத நாவல்களைப் படித்துத்தான் தமிழ் கற்றுக்கொண்டேன். இப்போது செல்பேசியில் தொடர்கதைகள் படிக்கிறேன். அடுத்த 'எபி' எப்போது வரும் என்று இரவு பதினொரு மணிவரை விழித்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

எனக்கு ஒரு குறை உண்டு. சமீபத்தில் படித்த கதைகளில் பெரும்பாலானவை ஒரே கதையாக இருக்கின்றன. ஒரே தெருவில் ஒரு பையனும் பெண்ணும் ஒன்றாக வளர்கிறார்கள். அவன் வெளிநாடு போகிறான். பத்து வருடம் கழித்துத் தாடியும் காருமாகத் திரும்பி வருகிறான். உடனே காதல். ஆங்கிலத்தில் 'வேர் ரெயின்போஸ் எண்ட்', 'எவ்ரி சம்மர் ஆஃப்டர்' என்ற இரண்டு நாவல்களைப் படித்தேன். அங்கேயும் இதே பால்ய நட்பும் பிரிவும்தான். உங்கள் சென்ற நாவலும் இதற்கு விலக்கில்லை. கூட வளர்ந்தவர்களுக்கிடையே ஈர்ப்பு உண்டாகாது என்று வெஸ்டர்மார்க் என்பவர் 1891-லேயே எழுதியிருப்பதாகப் படித்தேன். என் அனுபவமும் அதுதான். பக்கத்து வீட்டு அண்ணாவோடு பத்து வருடம் பள்ளிக்கு நடந்திருக்கிறேன். அவரைப் பற்றி வேறு விதமாக நினைக்கவே எனக்குக் கூசுகிறது.

ஆனால் என்னோடு வேலை பார்க்கும் மலையாளப் பெண் ஒருத்தி, சிறு வயது முதல் 'சேட்டன்' என்று அழைத்த அடுத்த வீட்டுக்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள். இன்றும் 'சேட்டா' என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்கு இயல்பாக நடந்தது எனக்கு ஏன் கூசுகிறது? இந்தக் கதைகளில் உண்மை இருக்கிறதா, அல்லது எழுத்தாளர்களுக்கு வசதியாக இருப்பதால் எழுதுகிறீர்களா?

ஒரு வாசகி, தென்மலை

*

அன்புள்ள தென்மலை வாசகிக்கு,

கடிதத்தின் கடைசிப் பத்தியில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு, அதே பத்தியின் முதல் வரிகளில் நீங்களே பதிலும் எழுதிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வெஸ்டர்மார்க்.

அவர் சொன்னதைப் பிற்காலத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. இஸ்ரேலின் கிபுட்ஸ் என்ற கூட்டுப்பண்ணைக் குடியிருப்புகளில் பெற்றோர் வீட்டில் இல்லாமல் குழந்தைகள் இல்லத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள், தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டது மிக அரிது என்று கண்டார்கள். தைவானில் பெண் குழந்தையைச் சிறு வயதிலேயே எடுத்து வந்து, வீட்டுப் பையனோடு வளர்த்து, பின்னர் அவனுக்கே மணம் செய்துவைக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய திருமணங்களில் குழந்தைப்பேறு குறைவாகவும் மணமுறிவு அதிகமாகவும் இருந்ததை ஆர்தர் உல்ஃப் என்ற மானிடவியலாளர் எடுத்துக்காட்டினார். இந்த இரண்டு இடத்திலும் பேசப்படுபவர்கள் நினைவு தெரியாத வயதிலிருந்தே ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கியவர்கள். அடுத்த வீட்டுப் பையன் அப்படிப்பட்டவன் இல்லை. மாலையானால் அவன் தன் வீட்டுக்குப் போய்விடுகிறான். அந்த வீட்டின் குழம்பு வாசனை வேறு, சண்டைகள் வேறு. நம்முடைய முறைப்பெண் ஏற்பாட்டைக்கூட இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மாமன் மகள் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பாள், பள்ளி விடுமுறைக்குத்தான் பார்க்கக் கிடைப்பாள். முறை என்று சொல்லி அருகில் வைத்தவர்கள், ஊர் என்று சொல்லித் தள்ளியும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் கூச்சத்துக்குக் காரணம் வெஸ்டர்மார்க் இல்லை. பத்து வருடம் அவரை நீங்கள் அழைத்த சொல்தான் காரணம்.

செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புதிய செய்தியும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. என் தாத்தாவின் நிலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. இங்கே தேநீர்க் கடைக்காரரையும் நாங்கள் சேட்டன் என்போம். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு மூத்த சகோதரன் என்றுதான் பொருள். ஆனால் அதே சொல்லால் மனைவி கணவனை அழைக்கிறாள், காதலி காதலனை அழைக்கிறாள், எவரும் புருவம் உயர்த்துவதில்லை. உங்கள் தோழிக்குக் காதல் வந்தபோது அவள் வாய்ச்சொல்லில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தமிழில் 'அண்ணா' என்று ஒருமுறை அழைத்துவிட்டால் அது சாத்திய கதவு. அப்படி அழைத்தவனை மணக்க ஒருத்தி முடிவு செய்தால், ஊர் முதலில் கேட்பது சாதியாகக்கூட இருக்காது, 'அண்ணான்னுல்லா கூப்பிட்டுக்கிட்டு இருந்தா' என்பதாகத்தான் இருக்கும். (சாதியை இரண்டாவதாகக் கேட்பார்கள், கவலை வேண்டாம்.) இதற்கு நேரெதிராக, பிறந்ததிலிருந்து 'அத்தான்' என்று அழைக்கப்பட்டவனுக்குக் கதவே கிடையாது, திறந்த முற்றம்தான். அங்கே காதல் வருவதும் வராததும் ஒரு திருப்பமாகவே அமைவதில்லை.

நாவலாசிரியருக்கு உண்மையில் பயன்படுகிறவன், இரண்டு பெயரும் இல்லாதவன். 'ஏலே' என்று அவள் அழைக்க, 'ஏட்டி' என்று அவன் அழைக்க, நெல்லிக்காய்க்கும் கோலிக்கும் அடித்துக்கொண்டவன். அவனைக் காதலிக்கத் தொடங்கும் பெண்ணின் முதல் சங்கடம் அவனை இனி என்னவென்று அழைப்பது என்பதுதான். 'ஏலே' என்று கூப்பிட நாக்கு எழவில்லை. பெயர் சொன்னால் வீட்டார் முன்னால் தன் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். 'நீங்க' என்றால் அவனே சிரிப்பான். அப்போது நம் பெண்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு, கவனித்திருப்பீர்கள்: எந்தச் சொல்லும் இல்லாமலேயே அழைப்பது. 'இந்தா', 'இங்க பாரு', 'அந்தப் பேனாவை எடுத்தா தேவலை' என்று காற்றைப் பார்த்துச் சொல்வது. விளிச்சொல் இல்லாத அந்தச் சில மாதங்களில்தான் காதல் நடக்கிறது. நாம் எழுதும் கதைகளில் அந்த மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு ஆங்கில நாவல்களையும் நானும் படித்திருக்கிறேன். 2004-இல் வந்த முதல் நாவலில், டப்ளினில் ஒன்றாகப் படித்த அலெக்ஸ் குடும்பத்தோடு பாஸ்டனுக்குப் போய்விடுகிறான். கதை முழுவதும் கடிதங்களாலும் மின்னஞ்சல்களாலும் நகர்கிறது. 2022-இல் வந்த இரண்டாவதில், கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரிக்கரை ஊரில் ஆறு கோடைகளைச் சேர்ந்து கழித்தவர்கள், பிரிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு சந்திக்கிறார்கள். அந்தச் சமூகத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பதின்மூன்று வயதுக்காரர்கள் பழகுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். எனவே நாவலாசிரியர் கடலையோ கோடையையோ காலத்தையோ குறுக்கே வைத்தாக வேண்டும், இல்லையென்றால் பழகிய முகம் புதிய முகமாகாது. அவர்களுக்கு அது தேவை, அதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். நாமோ அந்தத் தேவை இல்லாமலேயே பாஸ்டனை இறக்குமதி செய்கிறோம். நம் நாயகனை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியதே இல்லை. அவர்களை ஒருவருக்கொருவர் அந்நியராக்குகிற வேலையை நம் வீடுகளே, ஒரே வாரத்தில், ஒரே திண்ணையில் செய்துமுடித்துவிடும்.

எனக்குப் பதின்மூன்று வயதில் அது நடந்தது. எதிர்வீட்டுப் பையன் என் வகுப்பு. தினமும் எங்கள் வீட்டுப் புறவாசல் வழியாக அடுக்களைக்குள் வந்து, ஆச்சி வறுத்து வைத்திருக்கும் கடலையை அள்ளிக்கொண்டு, முன்வாசல் வழியாக வெளியே போவான். 'ஏலே, சாப்பிட்டுட்டுப் போலே' என்று ஆச்சி கத்துவாள். நான் பெரியவளாகி, ஓலைக் குச்சிலுக்குள் உட்கார வைக்கப்பட்ட நான்காம் நாள், விட்டுப்போன பாடங்களை எழுதிய கணக்கு நோட்டோடு வந்தான். புறவாசல் சாத்தியிருந்தது. தெரு சுற்றி முன்பக்கம் வந்து படியேறினான். ஓலை இடுக்கு வழியாக எனக்கு அவனுடைய கால்சட்டையும், முழங்காலில் காய்ந்த சிராய்ப்பும் மட்டும் தெரிந்தன. ஆச்சி எழுந்து நிலைவாசலில் நின்றுகொண்டு, 'என்ன தம்பி, என்ன வேணும்?' என்றாள். அந்த வீட்டில் அவனை யாரும் அதுவரை 'தம்பி' என்று அழைத்ததில்லை. அவன் பதில் சொல்லாமல் நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். ஆச்சியின் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை, மரியாதைதான் இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான், போகிற அந்த முழங்காலை நான் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் காதல் எதுவும் நேரவில்லை. அவர் இன்று மூன்று பேரன்களோடு நலமாக இருக்கிறார், தினமும் காலையில் வாட்ஸப்பில் பூங்கொத்து அனுப்புகிறார். ஆனால் நேர்ந்திருந்தால் அது அந்தத் 'தம்பி'யிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

நம் பழைய கவிஞர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. குறுந்தொகையின் 229-ஆவது பாட்டை மோதாசனார் பாடியிருக்கிறார். வீட்டைவிட்டு ஒன்றாகப் போகிற இருவரை வழியில் கண்டவர்கள் வியப்பதாக அமைந்த பாட்டு அது. இவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுக்க, அவள் இவன் தலைமயிரைப் பற்றி இழுக்க, செவிலித் தாயர் விலக்கியும் விலகாமல் சண்டை போட்ட பிள்ளைகள், இப்போது இரட்டைப் பூமாலை போலச் சேர்ந்து போகிறார்களே, விதியே நீ நல்லை என்கிறார்கள். அழகான பாட்டுதான். ஆனால் அது பார்ப்பவர்களின் பாட்டு. தெருச்சண்டையும் உடன்போக்கும் இருக்கின்றன, நடுவில் என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அந்த நடுப்பகுதியைக் கபிலர் கலித்தொகையின் 51-ஆவது பாட்டில் எழுதிவிட்டார். தெருவில் மணல்வீடு கட்டி விளையாடினால் காலால் உதைத்து, சூடிய மாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய பயலை அவள் முதலில் 'சிறுபட்டி' என்கிறாள், கட்டுக்கடங்காத பொடியன் என்று பொருள். ஒருநாள் அவளும் அம்மாவும் வீட்டில் இருக்கும்போது யாரோ வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள். அம்மா கொடுத்துவிட்டு வா என்று அனுப்புகிறாள். இந்த இடத்தில் 'தன்னை அறியாது சென்றேன்' என்று ஒரு தொடர் வருகிறது. வந்தவன் அந்தப் பயல்தான் என்று தெரியாமலே அவள் போகிறாள். அமெரிக்கா இல்லை, பத்து வருடம் இல்லை, அதே தெரு; ஆனாலும் தெரியவில்லை. அவன் வளையணிந்த கையைப் பற்றியதும் 'அன்னாய், இவன் ஒருவன் செய்தது காண்' என்று கத்துகிறாள். சிறுபட்டி இப்போது 'இவன் ஒருவன்' ஆகிவிட்டான், ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவன். அம்மா அலறிக்கொண்டு ஓடி வரவும், தண்ணீர் விக்கிக்கொண்டது என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைத் தோழியிடம் சொல்லும்போது அவன் 'கள்வன் மகன்' ஆகிவிடுகிறான். சிறுபட்டி, இவன் ஒருவன், கள்வன் மகன்: மூன்று சொல் மாறுவதற்குள் காதல் முடிந்துவிட்டது. காதல் என்ற சொல்லை அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

இதைப் படித்துக் கற்றுக்கொடுக்கிற வயதில் இருந்துகொண்டும், என் நாவலில் நான் செய்த தவற்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதினேழாம் அத்தியாயம் வரை நாயகி அவனைப் பெயர் சொல்லி 'வாடா, போடா' என்கிறாள். பதினெட்டில் நிச்சயதார்த்தம். பத்தொன்பதில் 'என்னங்க' என்று காப்பி கொண்டு வருகிறாள். நடுவில் ஒரு பக்கம்கூட இல்லை. தொடராக எழுதியபோது வாரம் இரண்டு அத்தியாயம் தர வேண்டியிருந்தது, வாசகர்களும் கல்யாணத்துக்கு அவசரப்பட்டார்கள் என்று சாக்குச் சொல்லலாம். அது சாக்குதான். நீங்கள் நம்பாதது நியாயம். 'டா'விலிருந்து 'ங்க'வுக்கு ஒரு பெண் எப்படி வந்தாள், வர விரும்பினாளா, வீட்டார் முன்னால் ஒன்றும் தனியே இருக்கும்போது வேறொன்றுமாக இரண்டையும் வைத்துக்கொண்டாளா என்பதையெல்லாம் எழுதாமல் விட்டவள், அவர்களுக்குள் காதல் வந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? புத்தகமாக வரும்போது அந்த இடத்தில் இரண்டு அத்தியாயம் சேர்க்கிறேன். ஆரியங்காவுப் பேருந்து நிறுத்தத்தில் அவன் முதுகுகாட்டி நிற்கிறான், பேருந்து வந்துவிட்டது, அவனைக் கூப்பிட வேண்டும், என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. அங்கிருந்து தொடங்கியிருக்கிறேன்.

ஆகவே, எழுத்தாளர்களின் வசதிக்காக எழுதப்படுகிறதா என்ற உங்கள் கேள்விக்கு, பெரும்பாலும் ஆமாம் என்பதே என் பதில். ஒன்றாக வளர்ந்தவர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவர்களை அறிமுகப்படுத்த வேண்டிய பத்து அத்தியாய உழைப்பு மிச்சம். பால்ய நண்பர்களின் காதல் எழுத எளிது என்று நினைப்பவர்கள்தான் அதை அதிகம் எழுதுகிறார்கள்.

கடிதத்தில் என்னை 'அக்கா' என்று அழைத்திருக்கிறீர்கள், அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோழி கோபம் வரும்போது கணவரை என்னவென்று அழைக்கிறார்? அப்போதும் 'சேட்டா'தானா, அல்லது சிறு வயதில் சண்டையின்போது அழைத்த வேறு ஏதாவது பெயர் மிச்சம் இருக்கிறதா? கேட்டு எழுதுங்கள். இருபதாம் அத்தியாயத்துக்கு எனக்கு அது தேவைப்படுகிறது.

அன்புடன்,
செங்கோட்டையிலிருந்து