யுபிஐயில் பணம் போச்சு, கடைக்கு வரவில்லை: யாரைப் பிடிப்பது?

கேள்வி: 3-ம் தேதி காலை மருந்துக்கடையில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்து ரூ.4,850 அனுப்பினேன். சவுண்ட் பாக்ஸில் சத்தமே வரவில்லை. ஆனால் கணக்கில் பணம் பிடித்ததாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. கடைக்காரர் ஒப்புக்கொள்ளாததால் ஏடிஎம்மில் எடுத்து ரொக்கமாகவும் கொடுத்துவிட்டேன். இன்று 6-ம் தேதி. ஆப்பில் இன்னும் ‘பிராசஸிங்’ என்றே காட்டுகிறது. வங்கிக் கிளையில் ‘ஆப்காரனைக் கேளுங்கள்’ என்கிறார்கள், ஆப்பில் ‘வங்கியை அணுகவும்’ என்று வருகிறது. யாரிடம்தான் போவது? (மதுரை வாசகர்)

பதில்: பணம் தொலையவில்லை, நடுவழியில் நிற்கிறது. முதலில் ஆப், அடுத்து உங்கள் வங்கி, இந்த வரிசையில்தான் போக வேண்டும். இரண்டு பேரும் கைகாட்டிவிட்டுத் தப்பிக்க முடியாதபடி ரிசர்வ் வங்கி கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு உங்களுக்கு இன்னும் முடியவில்லை. ஆனாலும் புகாரை இன்றே பதிந்துவிடுங்கள்.

இப்படி ஏன் நடக்கிறது? நீங்கள் பின் நம்பர் போட்டதும் கோரிக்கை, யுபிஐயை நடத்தும் நிறுவனமான என்பிசிஐயின் சர்வருக்குப் போகிறது. அது உங்கள் வங்கியிடம் ‘இவர் கணக்கில் பிடி’ என்கிறது. வங்கி பிடித்ததும், கடைக்காரரின் வங்கியிடம் ‘இவர் கணக்கில் போடு’ என்கிறது. முதல் பாதியில் கோளாறு என்றால் பிரச்சினை பெரிதில்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பணம் தானாகத் திரும்பிவிடும். இரண்டாம் பாதியில், ‘போட்டுவிட்டேன்’ என்றோ ‘போடவில்லை’ என்றோ கடைக்காரரின் வங்கி பதிலே சொல்லாமல் நேரம் கடந்துவிட்டால்தான் சிக்கல். அங்கே பணம் உண்மையிலேயே வரவாகியிருக்கலாம், பதில் மட்டும் வராமல் போயிருக்கலாம். அது தெரியாமல் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தால் ஒரே தொகை இரண்டு இடத்தில் போய்விடும். அதனால் கடைக்காரரின் வங்கி தன் கணக்கைச் சரிபார்த்து, கடைக்காரருக்கு வரவு வைக்கும் அல்லது பணத்தைத் திருப்பி அனுப்பும். அதுவரை உங்கள் ஆப் ‘பிராசஸிங்’ என்றுதான் காட்டும்.

இதற்கான கெடு 20-9-2019 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையில் இருக்கிறது. பரிவர்த்தனை நடந்த நாளை ‘டி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குச் செலுத்தி, கடையில் உறுதித் தகவல் வராமல் போனால் (உங்கள் சவுண்ட் பாக்ஸ் ஊமையாக இருந்தது இதே கதைதான்) டி+5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பிச் சேராவிட்டால் டி+1. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் பிடித்தாலும் டி+5 நாள். எண்ணுவது காலண்டர் நாள் கணக்கு, எனவே ‘ஞாயிறு வந்துவிட்டது, பேங்க் லீவு’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு.

உங்கள் கணக்கில் போட்டுப் பார்த்தால் 3-ம் தேதி டி, கெடு 8-ம் தேதியோடு முடிகிறது. பணம் 20-ம் தேதி வந்தால் தாமதம் 12 நாள், ஆக ரூ.4,850-உடன் ரூ.1,200 சேர்ந்து வர வேண்டும். வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் வங்கி தானே இதை வரவு வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். தொகை எதுவானாலும் ஒரே நூறு ரூபாய் என்பது விசித்திரமான ஏற்பாடுதான். டீக்கடையில் சிக்கிய 50 ரூபாய்க்கும் அதே நூறு, கல்லூரிக் கட்டணம் 50,000 சிக்கினாலும் அதே நூறு.

இங்கே ஒரு நுணுக்கம். கடையில் ஒட்டியிருக்கும் எல்லா கியூஆரும் வணிகக் கணக்கின் கியூஆர் அல்ல. சில சின்னக் கடைகளில் உரிமையாளரின் சொந்த சேமிப்புக் கணக்கு கியூஆரையே ஒட்டி வைத்திருப்பார்கள். அப்படியானால் அது தனிநபர் பரிவர்த்தனை, கெடு ஒரே நாள். சில வங்கிகளின் ஸ்டேட்மென்டில் அந்த வரியிலேயே ‘பி2எம்’ (வணிகர்) அல்லது ‘பி2ஏ’ (தனிக்கணக்கு) என்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. முதலில் எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டு வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்டை எடுங்கள். பிடித்ததற்கு எஸ்எம்எஸ் வந்து, திரும்பி வந்ததற்கு வராமல் போவது உண்டு. பற்று வரியில் உள்ள 12 இலக்க எண் வரவுப் பக்கத்தில் எங்காவது மறுபடி வருகிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால் விஷயம் முடிந்தது.

அந்த 12 இலக்க எண்தான் இந்த விவகாரத்தின் சாவி. யுடிஆர், ஆர்ஆர்என், யுபிஐ டிரான்சாக்‌ஷன் ஐடி என்று ஆப்புக்கு ஒரு பெயரில் இருக்கும். ஆப் தன் வசதிக்காகப் போட்டுக்கொள்ளும் நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த ஐடி வேறு. போன்பேயில் அது ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும், கூகுள் பேயில் ‘சிஐசி’ என்று தொடங்கும். அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் ‘இப்படி ஒன்றும் இல்லையே’ என்பார்கள். பாதிப் புகார்கள் சுற்றலில் விடப்படுவது இதனால்தான். 12 இலக்க எண்ணில் பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5214 என்று தொடங்கினால் 2025-ன் 214-வது நாள், அதாவது ஆகஸ்ட் 2. கடைக்காரர் வேறொரு நாளின் வரவைக் காட்டிக் குழப்பினால் இதை வைத்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

அடுத்து, கடைக்குப் போய் அவருடைய வணிகர் ஆப்பில் இந்த எண்ணைத் தேடச் சொல்லுங்கள். சவுண்ட் பாக்ஸ் பேசாதது ஆதாரம் ஆகாது. சிம்மில் சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்றாலும் அது வாயைத் திறக்காது. வங்கிக் கணக்கில் வரவில்லை என்பதும் முழு ஆதாரமல்ல. பேமென்ட் நிறுவனத்தின் கியூஆர் வைத்திருப்பவர்களுக்கு அன்றைய வசூல் மொத்தமும் இரவிலோ மறுநாளோ ஒரே தொகையாக வரவாவது உண்டு. ரூ.4,850 என்று தனியாகத் தேடினால் கிடைக்காது. தேடியும் இல்லை என்றால், பில்லின் பின்பக்கம் ‘யுடிஆர் இன்னது, ரூ.4,850 இன்றுவரை வரவில்லை, ரொக்கமாகப் பெற்றோம்’ என்று எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். இரண்டு முறை கொடுத்திருக்கிற உங்களுக்கு இந்தச் சீட்டு மிக முக்கியம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது, ஆப்பில் புகார். வரலாற்றுப் பக்கத்தில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் ‘ஹெல்ப்’ அல்லது ‘ரெய்ஸ் டிஸ்பியூட்’ இருக்கும். காரணம் தேர்வு செய்யும் இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கோபத்தில் ‘மோசடி’, ‘நான் செய்யாத பரிவர்த்தனை’ என்பதைத் தட்டிவிடுவார்கள். வங்கி பார்க்கும், உங்கள் போன், உங்கள் பின், எல்லாம் சரியாக இருக்கும், புகாரை மூடிவிடும். ‘பணம் பிடிக்கப்பட்டது, பெறுநருக்குச் சேரவில்லை’ என்ற பொருளில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் வங்கிக்கும் எழுதுங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்தக் கணக்கும் இல்லை. வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். கிளையில் கொடுப்பதானால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நாலு வரி போதும்:

‘3-ம் தேதி காலை என் சேமிப்புக் கணக்கிலிருந்து ரூ.4,850 யுபிஐ மூலம் பிடிக்கப்பட்டது. யுடிஆர் எண் இது. கடைக்குத் தொகை சேரவில்லை. கடையின் உறுதிச் சீட்டு, ஸ்டேட்மென்ட், ஆப் புகார் எண் இணைத்துள்ளேன். ரிசர்வ் வங்கியின் 20-9-2019 சுற்றறிக்கைப்படி டி+5 நாளுக்குள் தொகையைத் திருப்பி வரவு வைக்கவும், தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு சேர்க்கவும் கோருகிறேன்.’

‘ஆப்பைக் கேளுங்கள்’ என்று கிளையில் சொன்னால், ‘அதையே எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும். இதற்கும் அசையாவிட்டால் என்பிசிஐயின் இணையதளத்தில் யுபிஐ புகார்ப் பக்கம் இருக்கிறது, அங்கேயும் அதே 12 இலக்க எண்தான் கேட்பார்கள்.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்). ரிசர்வ் வங்கியின் ‘சிஎம்எஸ்’ புகார்த் தளத்தில் பதியலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் வங்கிக்கு எழுதாமல் நேரே இங்கே வந்தால் தள்ளுபடிதான். அதனால்தான் முதல் கடிதத்தின் தேதி முத்திரை அவ்வளவு முக்கியம். அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டில் ஒன்றுதான்.

செய்யவே கூடாதது ஒன்று: ஆப்பின் கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள். பணம் சிக்கிய பதற்றத்தில் இருப்பவரை எதிர்பார்த்தே போலி நம்பர்களை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். ‘ரீஃபண்ட் அனுப்புகிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள், பின் போடுங்கள்’ என்றால் கட் பண்ணிவிடுங்கள். யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

தவறான ஆளுக்கு அனுப்பிவிட்ட கேஸ் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வெற்றிகரமாக முடிந்த பரிவர்த்தனை, பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி திரும்ப எடுக்க முடியாது, நூறு ரூபாயும் கிடையாது.

இப்போது அந்தச் சீட்டு விஷயம். கடைக்காரரின் வங்கி சரிபார்த்துவிட்டு, பணத்தை உங்களுக்குத் திருப்பாமல் கடைக்கே வரவு வைத்துவிடவும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது ஆப்பில் ‘சக்சஸ்’ என்று மாறும், உங்கள் புகாரும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்படும். வங்கியைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இனி ரூ.4,850 தர வேண்டியவர் கடைக்காரர். யுடிஆர் எண்ணும் ரொக்கம் வாங்கியதும் அவர் கையெழுத்தோடு பில்லில் இருந்தால், மறுபேச்சில்லாமல் கல்லாவைத் திறப்பார். வணிகர் ஆப்பில் ‘ரீஃபண்ட்’ வசதி இருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் மீதே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், கணக்கும் நேராகிவிடும். ஆகவே 9-ம் தேதி காலை ஸ்டேட்மென்டை மட்டும் பார்க்காதீர்கள், ஆப்பில் நிலை மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஃபெயில்டு’ என்று மாறியும் பணம் வரவில்லை என்றால் வங்கிக்கு நினைவூட்டல், ‘சக்சஸ்’ என்றால் பில்லோடு கடைக்கு.