வாசகர் கேள்வி: சொத்து வரி 90 சதவீதம் வசூல் என்ற கணக்கு

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் சென்ற ஆண்டு சொத்து வரி 90 சதவீதத்துக்கு மேல் வசூலாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருவிலோ பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றுக்கு உரிமையாளர் யார் என்பதே அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவில்லை. இந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்?
(கானாடுகாத்தான் பக்கத்து வாசகர்)

பதில்: அந்த 90 சதவீதம் எதன்மேல் கணக்கிடப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உள்ளாட்சி அலுவலகங்களில் சொத்து வரிக் கணக்கைக் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று பத்திகளாக எழுதுவார்கள். வசூல் என்ற பத்தியில் உள்ள தொகைக்கு ரசீது உண்டு, வங்கியில் கட்டிய சலான் உண்டு, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையும் அதைச் சரிபார்க்கிறது. ஆகையால் அந்த ரூபாய்க் கணக்கை நான் பெரும்பாலும் நம்புவேன். கேட்புக்கு அப்படிப்பட்ட சாட்சி இல்லை. தன்னுடைய பதிவேட்டில் ஏறியுள்ள கட்டடங்களுக்கு இவ்வளவு வரவேண்டும் என்று அலுவலகமே எழுதிக்கொள்ளும் தொகை அது. பதிவேட்டில் ஏறாத வீடு கேட்பிலும் வராது, நிலுவையிலும் வராது. மாடி எடுத்த வீடு பழைய அளவிலேயே நின்றாலும், விடுதியாக மாறிய வீடு குடியிருப்பு என்றே எழுதப்பட்டிருந்தாலும் சதவீதம் சற்றும் குறையாது. நடுவண் அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பார்த்து, பெங்களூரும் ஜெய்ப்பூரும் வசூலிக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கவில்லை என்று சொன்னது. தன் பதிவேட்டின்படி 90 சதவீதம் வசூலிக்கும் ஊர்கூட வானத்திலிருந்து பார்த்தால் இப்படித் தெரியலாம்; வகுக்கும் எண் வேறு, அவ்வளவுதான்.

செட்டிநாட்டில் இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் தணிக்கைக்காக ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வரிவிதிப்பு எண்ணுக்கு நேரே அரையாண்டுக்கு அரையாண்டு நிலுவை ஏறிக்கொண்டே போவதைக் கண்டு, பில் கலெக்டரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். தூண்களையும் நிலைகளையும் கதவுகளையும் பெயர்த்து விற்றிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மட்டும் வெயிலில் கிடந்தது, வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய கட்டு) இருந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. பதிவேட்டில் அது இன்னும் ‘சொந்தக் குடியிருப்பு’. “இடிச்சாச்சுன்னு யாரும் எழுதிக் குடுக்கலைங்க சார், நானா எப்படி அடிக்கிறது?” என்றார் பில் கலெக்டர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏறாத வீடு சதவீதத்தைக் கூட்டிக் காட்டும். இல்லாத வீடு குறைத்துக் காட்டும். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல எண்ணைத் தந்துவிட்டால், கணக்கு சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

அளவு என்பது இன்னொரு சிக்கல். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டை யார், எப்போது, எப்படி அளந்தார்? திறந்த முற்றத்தைக் கழித்தார்களா? இடிந்து விழுந்த பின்கட்டு இன்னும் கணக்கில் இருக்கிறதா? 2022 ஏப்ரலில் வந்த தமிழ்நாட்டுச் சொத்து வரிச் சீராய்வு புதிதாக அளக்கச் சொல்லவில்லை. இருந்த வரியின்மேல் விழுக்காடு ஏற்றியது. சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் கடைசிப் படியில்தான் நிற்கும். ஆகவே பழைய அளவில் பிழை இருந்தால் அதுவும் இரட்டித்தது. அந்த ஆண்டில் கேட்புத் தொகை எகிறியதைக் கண்டு, விடுபட்ட வீடுகளை எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஒரு வீடுகூடப் புதிதாக ஏறாமலே அந்த எண் வந்திருக்கும்.

இடையில் ஒன்று. நகரத்தார் கோயில்களில் திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு ‘புள்ளி’ என்று எண்ணி வரி போடுகிறார்கள். ஆள் சிங்கப்பூரில் இருந்தாலும் புள்ளி விட்டுப்போகாது, ஒவ்வொரு கல்யாணத்தோடும் பட்டியல் புதுப்பிக்கப்படும். அரசாங்கத்தின் புள்ளிவிவரம் சுவரை எண்ணுகிறது. சுவருக்குக் கல்யாணம் நடப்பதில்லை.

கேள்வி: தேவகோட்டையில் உள்ள எங்கள் ஐயா கட்டிய வீட்டுக்கு 11 பங்காளிகள். என் பங்குக்கு நான் தவறாமல் வரி கட்டுகிறேன். ஆனால் இணையத்தில் பார்த்தால் ஐயா பெயரில் பெரிய நிலுவை காட்டுகிறது. இதுவும் ஊர்க் கணக்கில் சேருமா?
(சென்னை வாசகி)

பதில்: சேரும். பங்கு பிரித்தபோது உங்கள் பாகத்துக்குப் புது வரிவிதிப்பு எண் கொடுத்துவிட்டு, முழு வீட்டுக்கும் இருந்த பழைய எண்ணை நீக்காமல் விட்டிருந்தால், ஒரே சுவருக்கு இரண்டு கேட்பு ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் ரசீதில் இருப்பது எந்த எண் என்று முதலில் பாருங்கள். பிறகு, தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன், இரண்டு எண்களுக்கும் உரிய கேட்புப் பதிவேட்டுப் பக்கங்களின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த நகலும் பாகப்பிரிவினைப் பத்திரமும் கையில் இருந்தால், பழைய எண்ணை நீக்கக் கோரும் மனு எளிதாகிவிடும். மற்றப் பங்காளிகளும் கையெழுத்திட்டால் நல்லது. 11 பேரையும் ஒரே நாளில் பிடிப்பது, பங்காளிகள் முன்னோருக்குப் படையல் இடக் கூடும் படைப்பு வீட்டில்தான் முடியும் என்பதையும் அறிவேன்.

கேள்வி: கோட்டையூர் இப்போது காரைக்குடி மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. வரி வருவாய் முன்னைவிட வளர்ந்திருக்கிறதா என்பதைக் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியுமா?
(கோட்டையூர் வாசகர்)

பதில்: நேராகப் பார்த்தால் முடியாது. 2024இல் மாநகராட்சி ஆனபோது, பழைய நகராட்சியோடு கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் சேர்ந்தன. ஊராட்சிகளில் அது வீட்டு வரி. பதிவேடு வேறு, துறையும் வேறு. பழைய நகராட்சியின் தொகையையும் இன்றைய மாநகராட்சியின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வளர்ச்சி பெரிதாகத்தான் தெரியும். சேர்ந்த ஊர்களின் பழைய கேட்பையும் வசூலையும் கூட்டிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. 15ஆவது நிதிக்குழு, மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்கு ஈடாகச் சொத்து வரி வசூலும் வளர்வதை நகர்ப்புற மானியத்துக்கு நிபந்தனையாக வைத்தது. அந்தக் குழு சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயின் வளர்ச்சியைக் கேட்டது எனக்குச் சரியாகவே படுகிறது.

நீங்கள் கேட்பதாக இருந்தால், தொகையோடு நிறுத்தாமல், வார்டுவாரியாக வரிவிதிப்பு எண்கள் எத்தனை, ஆண்டில் புதிதாக ஏறியவை எத்தனை, நீக்கப்பட்டவை எத்தனை என்று கேளுங்கள். கோட்டையூரில் கண்ணெதிரே வீடு இடிவதும் மனை வீடாவதும் நடந்துகொண்டிருக்க, கடைசி இரண்டு பத்திகளிலும் சுழியம் வந்தால், மற்ற எண்களை நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.